சித்திரை ஒண்ணும் ஒரு கைரேகையும்

ஏப்ரல் இதழுக்குக் கட்டுரை கேட்ட தோழர், "அம்பேத்கர் பிறந்த மாசம், கொஞ்சம் கனமா எழுதுங்க" என்றார். கனமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் உட்கார்ந்த இடம் தென்காசிப் பக்கத்தில் எங்கள் தெருவில் எங்கள் வீட்டுத் திண்ணை. பங்குனிக் கடைசி. தாளில் வேப்பம்பூ உதிர்கிறது. உள்ளே அம்மாவும் அப்பாவும் ஒரு பிளாஸ்டிக் வாளிக்காக முக்கால் மணி நேரமாகச் சண்டை போடுகிறார்கள். இங்கே இருந்துகொண்டு என்னத்தைக் கனமாக எழுத? ஆகவே வீட்டைப் பற்றியே எழுதுகிறேன். இதில் அரசியல் எங்கே என்று கேட்கிற தோழர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளவும்.

வசந்தம் என்பது எங்கள் தெருவில் பெண்பிள்ளைகளுக்கு வைக்கிற பேர். பருவத்துக்கு அப்படி ஒரு பேர் இருப்பதைப் பள்ளிக்கூடத்தில்தான் தெரிந்துகொண்டோம். எங்களுக்கு மாசி, பங்குனி என்றால் பிசான அறுப்பு. சித்திரை என்றால் அம்மன் கொடை. குற்றாலத்து அருவியில் விழுகிற தண்ணீர்தான் சிற்றாறாக இறங்கி இந்த வயல்களுக்கு வந்தது. மேலே அதைப் பார்த்துப் பாடினவர்கள் உண்டு. மேலகரத்துத் திரிகூட ராசப்பக் கவிராயர் குறவஞ்சி பாடினார். 1954இல் மறைந்த ரசிகமணி டி.கே.சி. குற்றாலத்திலேயே வந்து குடியிருந்து, நண்பர்களை வரவழைத்து, குளியலும் கவிதையும் விருந்துமாக வாழ்ந்தார். அதெல்லாம் இருக்கட்டும், நல்ல கவிதையை யாரும் குறை சொல்லவில்லை. அதே தண்ணீரில் கீழே முழங்கால் முங்க நின்று நாற்று நட்டவள் எங்கம்மா. அவளுடைய ரசனையைப் பற்றி எந்த ரசிகமணியும் கேட்டதில்லை. நாமும் கேட்டதில்லை என்பதைத்தான் இங்கே சொல்ல வருகிறேன்.

ஏனென்றால் அவளுக்கு ரசனை இருந்தது. இப்போதும் இருக்கிறது. நேற்று நான் பையை இறக்கி வைக்கக்கூட இல்லை. "எய்யா, இந்தத் தடவ வேம்பு எப்படிப் பூத்துருக்கு பாத்தியா, கொப்பே தெரியல" என்றுதான் முதல் பேச்சு. அப்புறம்தான் சாப்பிட்டியா, தூங்கினியா எல்லாம். உதிர்ந்த பூவைக் கூட்டி அள்ளிச் சுளகில் காயப்போட்டிருக்கிறாள், ரசத்துக்கு. இலவங்காய் வெடித்துப் பஞ்சு பறந்தால் இன்றைக்கும் சின்னப்பிள்ளை மாதிரி கைநீட்டிப் பிடிக்கிறாள். பனையோலைப் பட்டையில் நுங்கும் பதனீரும் ஊற்றிக் குடிப்பதைப் பற்றி அப்பா பேச ஆரம்பித்தால் நமக்கு நாக்கில் ஊறும். அறுப்பு முடிந்த வயலில் எலி வளையை வெட்டினால் உள்ளே படி படியாய் நெல் இருக்கும். எலியும் இருக்கும். ரெண்டையும் கொண்டுவந்தால் அன்றைக்கு எங்கள் வீட்டில் தீபாவளி. கோட்டை கோட்டையாய் நெல் பண்ணையார் வீட்டுக்குப் போகும், எங்களுக்கு மரக்காலால் அளந்து போடுவார்கள். ஆனால் அந்தப் புது நெல்லுச் சோற்றின் வாசம் எங்கள் அடுப்பிலும் அதே வாசம்தான். பங்குனியில் புளி மூட்டைகளை இறக்கிவிட்டுப் போவார்கள். கொட்டை எடுக்கக் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. தெருப் பெண்கள் எல்லாம் சுற்றி உட்கார்ந்து தட்டிக்கொண்டே பேசுகிற பேச்சைப் பிள்ளைகள் கேட்கக் கூடாது. கேட்டோம். வறுத்து ஊறவைத்த புளியங்கொட்டையை மென்றுகொண்டே எல்லாவற்றையும் கேட்டோம்.

1991 அம்பேத்கர் நூற்றாண்டை ஒட்டித் தமிழில் தலித் எழுத்து பொங்கி வந்தபோது, 'இவர்களுக்கு ஒப்பாரியைத் தவிர வேறென்ன தெரியும்' என்று சில இலக்கியப் பெரியவர்கள் மூக்கைச் சுளித்தார்கள். நாம் பதிலுக்குக் கோபப்பட்டோம். கோபம் சரிதான். ஆனால் 1992இல் வந்த பாமாவின் 'கருக்கு'வைத் திறந்து பாருங்கள். அடிபட்டதும் இருக்கும், விளையாடியதும் இருக்கும், தின்றதும் இருக்கும். நம் பத்திரிகைகள்தான் அடிபட்டதை மட்டும் எடுத்து அட்டையில் போட்டன. கொடியன்குளம் 1995, தாமிரபரணி 1999 என்று தேதிகளை மனப்பாடமாகச் சொல்வேன். எங்கம்மாவுக்கு என்ன வயசு என்று கேட்டால் யோசித்துத்தான் சொல்வேன். எழுபத்தைந்து இருக்கலாம். ஆதாரில் ஒன்று இருக்கிறது, ரேஷன் கார்டில் வேறொன்று இருக்கிறது.

குற்றாலம் எங்கள் தெருவிலிருந்து ஐந்து கிலோமீட்டர்கூட இல்லை. 1934 ஜனவரியில் ஹரிஜன யாத்திரையாகக் காந்தி குற்றாலம் வந்தார். ஹரிஜனங்களால் குளிக்க முடியாத அருவியில் நானும் குளிக்க மாட்டேன் என்று குளிக்காமலே போய்விட்டார். இந்தக் கதையை ஊரில் பெருமையாகச் சொல்வார்கள். எனக்கும் அதில் மரியாதை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் காந்தி குளிக்காமல் போனது எழுதப்பட்டிருக்கிறது. எங்கள் தாத்தா எந்த வருஷம் முதல்தடவை குளித்தார் என்பது எங்கேயும் எழுதப்படவில்லை. அப்பாவைக் கேட்டேன். "அவரு எங்கல குளிச்சாரு, ஐயா? குளிக்க வந்தவன் மூட்டையைத் தூக்குனாரு" என்றார்.

அம்மாவும் ஆனி, ஆடி சீசனில் விடுதி அறைகள் கூட்டப் போயிருக்கிறாள். எண்ணெய்ப் பிசுக்கும் ஷாம்பூ பாக்கெட்டும் மது பாட்டிலும் அள்ளியிருக்கிறாள். சாரல் அவள் மேலும்தான் விழுந்தது. ஆனால் குளிக்க நேரம் இருந்ததில்லை. ஊரெல்லாம் குளிக்கிற மாதத்தில்தான் அவளுக்கு வேலை, வேலை இல்லாத மாதத்தில் அருவி இல்லை.

இனி வீட்டு விவகாரம். வாளிச் சண்டைக்கு வருகிறேன். நாலு நாளைக்கு ஒருக்கா குழாயில் தண்ணீர் வருகிறது. வருகிற நாளும் தெரியும், நேரம் தெரியாது. விடிகாலை மூன்று மணிக்கும் வரலாம், மத்தியானமும் வரலாம். அதனால் அம்மா வீட்டிலுள்ள எல்லாப் பாத்திரத்திலும், உடைந்த மண்பானை உட்பட, தண்ணீர் பிடித்து வைத்திருக்கிறாள். கக்கூசுக்கு வைத்த பச்சை வாளியை அப்பா குளிக்க எடுத்துவிட்டார். இதுதான் வழக்கு. "உமக்குக் கண்ணு தெரியலயா, பச்சைக்கும் நீலத்துக்கும் வித்தியாசம் தெரியாதா" என்கிறாள் அவள். உண்மையிலேயே அவருக்குத் தெரியவில்லை. கண்ணில் புரை. ஆபரேஷனுக்கு மூன்று தடவை நாள் குறித்து மூன்று தடவையும், "கொடை முடியட்டும்", "மழை முடியட்டும்", "அறுப்பு முடியட்டும்" என்று தள்ளிவிட்டார். எங்களுக்கு வயலே இல்லை, என்ன அறுப்போ!

அரசாங்கம் கொடுத்த மிக்ஸி 2013 வாக்கில் வந்ததிலிருந்து அட்டைப் பெட்டியோடு பரண்மேல் இருக்கிறது. அம்மியில் அரைத்தால்தான் துவையல் துவையல் மாதிரி இருக்குமாம். முட்டி வலி என்று அழுதுகொண்டே அரைப்பாள். டிவி சத்தம் தெருமுனைக்குக் கேட்கும், ஏனென்றால் அவருக்குக் காது மந்தம். அவளுக்கோ ஊசி விழுந்தாலும் கேட்கும். நான் வாங்கிக் கொடுத்த செல்போனைத் துணியில் சுற்றி அரிசிப் பானைக்குள் வைத்திருக்கிறாள், களவு போகாமல் இருக்க. சென்னையிலிருந்து நான் கூப்பிடுகிறபோது அது அரிசிக்குள் கிடந்து அடிக்கும். பத்து தடவை கூப்பிட்டு எடுக்கவில்லை என்றால் எனக்கு அங்கே உயிர் போய்விடும். தங்கச்சிக்குப் போட்டுச் சொன்னால் அவள் கடையநல்லூரிலிருந்து பஸ் பிடித்து வந்து பார்ப்பாள். "அண்ணே, ரெண்டு பேரும் தெருவுல புளி தட்டிக்கிட்டு இருக்காவ" என்பாள். இப்படி மாசத்துக்கு ரெண்டு தடவையாவது நடக்கிறது. பஸ் காசு அவளுடையது, கவலை மட்டும் என்னுடையது. கூட்டங்களில் பெண் விடுதலை பற்றி நான் பேசிய பேச்சையெல்லாம் அவள் கேட்டதில்லை. நல்லவேளை.

வீடு எண்பதுகளில் கட்டிக் கொடுத்த தொகுப்பு வீடு. கூரையில் கம்பி துருப்பிடித்து வெளியே தெரிகிறது. காரை பெயர்ந்து விழும். எங்கெங்கே விழும் என்று அப்பாவுக்கு அத்துப்படி. கட்டிலை அதற்கேற்ப மாசத்துக்கு ஒருதடவை இடம் மாற்றுகிறார். நான் ஆள் வைத்துப் பூசுகிறேன் என்றால் "நான் இருக்கிற வரைக்கும் தாங்கும்" என்கிறார். அவர் சொல்வது வீட்டையா தன்னையா என்று தெரிவதில்லை.

இதெல்லாம் எல்லா வீட்டிலும் இருக்கிற கதைதானே, இதில் என்ன சாதி என்று கேட்பீர்கள். வயசானால் மரியாதை தானாக வரும் என்பது தமிழ்ப் பண்பாடு என்று பாடப் புத்தகத்தில் போட்டிருக்கிறான். நரை விழுந்தவரைக் கண்டால் எழுந்து நிற்பார்களாம். எங்கப்பாவுக்கு ஐம்பது வயசு இருக்கும்போது, அரைக்கால் டவுசர் போட்ட பண்ணையார் வீட்டுப் பையன் "ஏல, இங்க வால" என்று கூப்பிட்டான். அவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு போனார். நான் பக்கத்தில் நின்றேன். எனக்கும் அந்தப் பையனுக்கும் ஒரே வயசு. மற்றவர்களுக்கு வயசு ஏற ஏற வார்த்தையில் ஒரு 'ங்க' கூடும். எங்கள் ஆட்களுக்கு வயசு மட்டும்தான் கூடியது.

தென்காசிக்குப் பக்கத்தில்தான் மீனாட்சிபுரம் இருக்கிறது. 1981 பிப்ரவரி 19 அன்று அங்கே நூற்றுக்கணக்கான பள்ளர் சமூகத்து மக்கள் ஒரே நாளில் இஸ்லாத்துக்குப் போனார்கள். டெல்லி வரைக்கும் அதிர்ந்தது. அரபு நாட்டுப் பணம் என்றார்கள், சதி என்றார்கள். அந்த ஊர்க் கிழவர்கள் சொன்ன காரணத்தை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நேற்று வரைக்கும் 'ஏல' என்று கூப்பிட்டவன் இன்றைக்கு 'பாய், வாங்க' என்கிறான், டீக்கடையில் உட்காரச் சொல்கிறான் என்பதுதான் அது. கடைசிக் காலத்தில் ஒரு மரியாதையான விளி கேட்டுச் செத்துப்போகலாம் என்று நினைப்பதும் விடுதலைதான். நான் மதம் மாறச் சொல்லி எழுதவில்லை. முதுமைக்கும் சாதிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறவர்களுக்காகச் சொல்கிறேன்.

இப்போது கைரேகை. 2020இல் ரேஷன் கடைகளுக்கு ரேகை வைக்கிற மெஷின் வந்தது. எங்கம்மா விரலை வைத்தால் சிவப்பு விளக்கு எரியும். துடைத்து வைத்தால் சிவப்பு. எண்ணெய் தடவித் துடைத்து வைத்தால் சிவப்பு. அறுபது வருஷம் கதிர் அறுத்து, நாற்று பிடுங்கி, புளி தட்டி, விடுதித் தரை தேய்த்த விரல் அது. அதற்கு மேல் நூறு நாள் வேலையில் மண்வெட்டியும் பிடித்தாயிற்று. ரேகை எல்லாம் தேய்ந்து வழுவழுவென்று இருக்கிறது. "ஏன் பாட்டி, உங்களுக்குக் கையே இல்லயா" என்று ஒருநாள் கடையில் கேட்டிருக்கிறார்கள். கேட்டவர் விளையாட்டாகத்தான் கேட்டிருப்பார். அவள் அரிசி வாங்காமல் வந்துவிட்டாள். 2025 ஆகஸ்டில் தாயுமானவர் திட்டம் என்று அறிவித்து, எழுபது தாண்டியவர்களுக்கு வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்க ஆரம்பித்தார்கள். நல்ல காரியம். வீட்டுக்கு வந்த மெஷினிலும் அவள் ரேகை முதல்தடவை விழவில்லை என்பது வேறு விஷயம்.

முதியோர் பென்ஷன் கதை இதைவிட மோசம். 1962இல் மாதம் இருபது ரூபாயில் தொடங்கியது. 2023இல் ஆயிரத்து இருநூறு ஆக்கினார்கள். அதன் பேரிலேயே 'ஆதரவற்ற' என்று இருக்கிறது. நான் ஒரு அச்சகத்தில் டிடிபி அடிக்கிறவன். வாடகையும் பிள்ளைகள் படிப்பும் போக மாசம் ரெண்டாயிரம் அனுப்பினால் பெரிசு. அப்பாவின் மாத்திரைக்கே அது சரியாகிவிடும். ஆகவே அம்மா பேரில் மனு எழுதிக்கொண்டு ஒரு அலுவலகத்துக்குப் போனோம். அங்கே ஒருவர், "ஆம்பளப் பிள்ளை இருந்தாக் கிடைக்காது. மகன் பராமரிக்கிறதில்லன்னு எழுதிக் கொடுங்க, பாப்போம்" என்றார். நான் அங்கேதான் நிற்கிறேன், மகன் என்று அவருக்குத் தெரியாது. தரகர் ஒருவர் அதன்படியே எழுதிக்கொண்டு வந்தார். 'என் மகன் என்னைக் கவனிப்பதில்லை.' என் கண் முன்னால் எழுதினார். கையெழுத்தும் திருத்தமான கையெழுத்து.

நானே சொன்னேன், "ரேகை வையும்மா, சும்மா காகிதம்தானே." அவள் என்னைப் பார்த்தாள். மையைத் தொட்டு அமுக்கினாள். காகிதத்தில் ஒரு கறுப்புப் பொட்டுதான் விழுந்தது, கோடு ஒன்றும் இல்லை. இன்னொரு தரம் வைக்கச் சொன்னார்கள். மறுபடியும் பொட்டு. "பாத்தியாய்யா, பொய் சொன்னா ரேககூட விழமாட்டேங்கு" என்று சிரித்துவிட்டு, விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டு எழுந்து வெளியே போய்விட்டாள். நான் பின்னாலேயே போனேன். எழுதிய காகிதம் மேஜையிலேயே கிடந்தது.

பஸ்ஸில் வரும்போது நான் யோசித்துக்கொண்டு வந்தது அது பொய்தானா என்று.

2007இல் ஒரு சட்டம் போட்டார்கள். பெற்றோரைப் பராமரிக்காத பிள்ளைமேல் கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம், மாதம் இவ்வளவு கொடு என்று உத்தரவு வாங்கலாம். சொத்தை எழுதி வாங்கிக்கொண்டு அம்மா, அப்பாவைத் தெருவில் விடுகிறவனுக்கு அந்தச் சட்டம் வேண்டும்தான். எழுதி வாங்க ஒரு சொத்தும் இல்லாத வீட்டில், கொடுக்க முடியாத பிள்ளையிடம் வாங்கித் தரச் சட்டம் இருந்து என்ன? பண்ணையில் அறுபது வருஷம் உழைத்தவளுக்குப் பண்ணை ஒரு பைசா ஓய்வூதியம் கொடுக்க வேண்டியதில்லை. எந்தக் கோட்டாட்சியரும் பண்ணையாரைக் கூப்பிட்டுக் கேட்கப் போவதில்லை. உழைப்பை வாங்கினவன் ஒருத்தன், கணக்குக் கேட்பது இன்னொருத்தனிடம்.

சரி, நம் கதைக்கு வருவோம். இயக்கத்தின் கதைக்கு. சித்திரை ஒண்ணு எங்கள் பக்கம் விசு. குற்றாலநாதர் கோயிலில் சித்திரை விசுத் திருவிழா. கொன்றை பூத்துக் கிடக்கும். அதே ஏப்ரல் 14தான் அண்ணல் பிறந்த நாள். 2022இல் தமிழக அரசு அதைச் சமத்துவ நாள் என்று அறிவித்து உறுதிமொழி எடுக்க வைத்தது. எங்கள் தெருவில் அதற்கு முப்பது வருஷம் முன்னாலிருந்தே நீலக்கொடி ஏறுகிறது. மைக் செட், மாலை, பிள்ளைகளுக்கு நோட்டு, பேனா எல்லாம் உண்டு. நானும் பேசியிருக்கிறேன். அரசியல் சட்டம், பூனா ஒப்பந்தம், நாகபுரி என்று ஒரு மணி நேரம் பேசுவேன். முன் வரிசையில் கிழவன் கிழவிகள் தரையில் உட்கார்ந்து கடைசி வரைக்கும் கேட்பார்கள். அவர்களைப் பற்றி ஒரு வரி பேசியதில்லை.

பேச விஷயம் இல்லாமல் இல்லை. அம்பேத்கர் வாழ்க்கையிலேயே இருக்கிறது. பம்பாயில் ஒற்றை அறையில் குடியிருந்தபோது, ராம்ஜி சக்பால் ராத்திரி ரெண்டு மணி வரை விழித்திருந்து, மகனைப் படிக்க எழுப்பிவிட்டு, அதற்கப்புறம்தான் அதே இடத்தில் படுப்பாராம். புத்தகம் வாங்கக் காசில்லாமல் கட்டிக் கொடுத்த மகள்களிடம் நகை வாங்கி அடகு வைத்தவர் அவர். 1913இல் அம்பேத்கர் பரோடாவில் வேலைக்குச் சேர்ந்து சில நாள்தான் ஆகிறது. அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை என்று தந்தி வருகிறது. கிளம்புகிறார். வழியில் சூரத் நிலையத்தில் அப்பாவுக்கு இனிப்பு வாங்க இறங்குகிறார். ரயில் போய்விடுகிறது. மறுநாள்தான் வீடு போய்ச் சேர்கிறார். அவர் வந்து பார்த்த பிறகு, பிப்ரவரி 2ஆம் தேதி ராம்ஜி உயிர் பிரிகிறது.

இருபத்தொரு வயசுப் பையன் கையில் ஒரு இனிப்புப் பொட்டலத்தோடு சூரத் பிளாட்பாரத்தில் நிற்பதை நான் எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன். கோட்டு சூட்டோடு விரல் நீட்டி நிற்கிற சிலையைவிட எனக்கு அவர் அங்கே ரொம்பக் கிட்டத்தில் இருக்கிறார். திருப்பூரிலும் சென்னையிலும் வளைகுடாவிலும் வேலை பார்க்கிற நம் பிள்ளைகள் எல்லாம் ஒரு போன் வந்தால் அந்தப் பிளாட்பாரத்தில்தான் நிற்கிறார்கள். நம் மாநாட்டுத் தீர்மானங்களில் இட ஒதுக்கீடு உண்டு, பஞ்சமி நிலம் உண்டு, வன்கொடுமைச் சட்டம் உண்டு. கூலி உழைப்பில் தேய்ந்த நம் கிழவிகளுக்கு, மகன் இருந்தாலும் இல்லாவிட்டாலும், பொய் எழுதாமல் வாழ்கிற அளவுக்கு ஓய்வூதியம் வேண்டும் என்று ஒரு தீர்மானம் நான் இதுவரை எந்தக் கூட்டத்திலும் எழுதியதில்லை. தீர்மானங்களை டைப் அடித்ததே பெரும்பாலும் நான்தான்.

இன்று காலையில் தங்கச்சி வந்திருந்தாள். ரெண்டு நாளாக மலையில் கோடை மழை, பேரருவியில் கொஞ்சம் தண்ணீர் விழுகிறது என்றாள். ஒரு ஆட்டோ பிடித்து நாலு பேரும் போனோம். கடையெல்லாம் பூட்டிக் கிடந்தது, குரங்குகளைத் தவிரக் கூட்டமில்லை. கிளம்பும்போது, "பழைய குற்றாலத்துப் பக்கம் போகாதீங்க" என்று அப்பா ஆட்டோக்காரரிடம் மூன்று தடவை சொன்னார். 2024 மே மாசம் அங்கே திடீர் வெள்ளம் ஒரு பையனைக் கொண்டுபோனதிலிருந்து அவருக்கு அந்தப் பயம். பேரருவியில் கயிறு கயிறாய் நாலைந்து இடத்தில் விழுந்தது. பெண்கள் பக்கம் தனியாகக் கம்பி கட்டியிருப்பதால் நான் இந்தப் பக்கம் அப்பாவோடு படியில் நின்றேன். அம்மாவை எனக்குச் சரியாகத் தெரியவில்லை. முதலில் சேலைத் தலைப்பு மட்டும் தெரிந்தது, அப்புறம் அதுவும் தண்ணிக்குள் போய்விட்டது.

வெகு நேரம் வரவில்லை. "என்னல, ஆளைக் காணும்" என்று அப்பா புரைக் கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தார். தங்கச்சிதான் முதலில் வந்தாள். "வரமாட்டேங்காண்ணே. தலைய நனைச்சிட்டு வாம்மான்னா, 'அங்ஙன நின்னு பேசாத, இங்ஙன வந்து நில்லு, முதுகுல எப்படி விழுதுன்னு பாரு'ன்னு என்னைய வேற இழுக்கா" என்றாள்.

அதற்குள் எனக்கு ஞாபகம் வந்தது, இன்றைக்குத் தண்ணீர் வருகிற நாள். அப்பாவுக்கும் அதே நேரத்தில் ஞாபகம் வந்துவிட்டது. "ஏட்டி, குழாயில தண்ணி வந்துரும், போவோம்" என்று இங்கேயிருந்து கத்தினார். அருவிச் சத்தத்தில் அவளுக்குக் கேட்டிருக்காது. கேட்டிருந்தாலும் அவள் அசைந்த மாதிரி தெரியவில்லை.